செர்ரி என்கிற களாக்காய்

பேக்கரியில் க்ரீம் பன் வாங்கினால் உச்சியில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதை என்னவென்று நினைத்துச் சாப்பிடுகிறீர்கள்? செர்ரி என்றுதானே! நம்மூர் பேக்கரிகளில் அது பெரும்பாலும் களாக்காய். விதையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றினால் செர்ரி. (பக்கத்தில் இருக்கும் டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காய். அது தனிக் கதை.)

சாயம் ஏற்றி வேறு பேரில் அனுப்புவது திருப்பூருக்குப் புதுசா என்று நீங்கள் சிரிக்கலாம். கட்டிங், ஓவர்லாக், கைமடி, செக்கிங் என்று பத்துக் கை மாறி வரும் டி-ஷர்ட்டின் கழுத்தில் ஏறுவது ஐரோப்பாக்காரர் லேபிள்தான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆர்டர் அவருடையது. இந்தியாவில் செய்தது என்று சின்ன எழுத்தில் போடவும் போடுகிறார்கள். களாக்காய்க்கு அந்தச் சின்ன எழுத்துகூடக் கிடையாது.

ருசி இருக்கிறதே, பேர் போனால் என்ன? நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு 'குட்வில்' என்று ஒரு பாடம். மிஷின், கட்டடம், சரக்கு எல்லாம் கழித்த பிறகும் ஒரு பேருக்கு விலை உண்டு. அது பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஏறும். அப்படியென்றால் ஒன்றின் பேரை எடுத்துவிடுவது சும்மா விஷயமில்லை.

ஸ்வீடன்காரர் லின்னேயஸ் இந்தியா பக்கமே வந்ததில்லை. 1767-ல் இந்தச் செடிக்கு லத்தீனில் பேர் வைத்தபோது 'கரிஸ்ஸா கராண்டஸ்' என்றார். அந்தக் கராண்டஸ், இங்கே புழங்கிய பேரிலிருந்து போனது. நாம்தான் செர்ரி ஆக்கிவிட்டோம்.

வீட்டில் வைக்கலாமா? தாராளமாக. காம்பவுண்டு ஓரமோ, மொட்டை மாடியில் பெரிய தொட்டியோ போதும். நல்ல வெயில் வேண்டும். வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்டு அழாது; தேங்கினால்தான் ஆகாது. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. முள் மட்டும் முரட்டு முள், குழந்தைகள் ஓடும் வழியில் வேண்டாம். பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதையை உடனே போட்டுவிடுங்கள். மூன்றாவது வருஷம் வாக்கில் காய்க்கும்.

செடியை வாசலில் வைத்துப் பாருங்கள். பார்த்தவுடன் பேர் சொல்கிற முதல் ஆள் பக்கத்து லைன் வீட்டு பீகார்த் தம்பியாக இருக்கலாம். "கரௌந்தா!" என்பார். அவர்கள் பக்கம் பச்சைமிளகாயோடு வதக்குவார்கள், ஊறுகாய் போடுவார்கள்.

அவர் பேர் உங்களுக்குத் தெரியுமா?

'இந்திக்காரன்' என்கிறோம். ஒடிசாவிலிருந்து வந்தவரையும், அசாமிலிருந்து வந்தவரையும் அப்படித்தான். அவர்கள் வீட்டில் பேசுவது ஒடியாவாக இருக்கும், அசாமியாக இருக்கும். "மாசத்துக்கு நூறு பேர் வர்றான், போறான், எல்லார் பேரையும் மனப்பாடம் பண்ணவா சார்?" என்று ஒரு சூப்பர்வைசர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆள் ஷேட் நம்பரையும் ஸ்டைல் நம்பரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பேர் தெரியாமல் இருப்பது ஒன்று. நம் வசதிக்கு எதையோ ஒட்டிவிட்டு, இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்று இருந்துவிடுவது வேறு. முதலாவதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது, கவனித்தீர்களா? பேர் இல்லாத ஆளுக்குக் காய்ச்சல் என்றால் 'ஒரு ஆள் குறையுது' என்பதோடு முடிந்துவிடும். பேர் தெரிந்துவிட்டால் மாத்திரை போட்டாரா என்று கேட்க வேண்டிவரும்.

காய் பறிக்கும்போது கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், காம்பில் பால் வடிந்து பிசுபிசுக்கும். முதல் பறிப்பைப் பச்சையாகவே எடுத்து, பாதியை அந்தத் தம்பியிடம் கொடுத்து வதக்கச் சொல்லுங்கள். பச்சைமிளகாய் அளவை அவரே பார்த்துக்கொள்வார்.