சமயப் பற்றும் ஆய்வுச் சுதந்திரமும்

ஒரு சமயத்தார் தம் பொருளைச் செலவிட்டு நிறுவிய பல்கலைக்கழகத்தில், அச்சமயக் கோட்பாட்டுக்கு மாறான கருத்தை ஓர் ஆசிரியர் கூறலாமா? கூறலாமெனின், அந்நிறுவனம் சமயத்தின் பெயரைத் தாங்குவதன் பொருள் யாது? கூறலாகாதெனின், அதனைப் பல்கலைக்கழகம் என்பது எங்ஙனம் பொருந்தும்? கத்தோலிக்க உயர்கல்விக்கூடங்களை நெடுங்காலமாக வருத்தி வரும் இவ்வினா, கல்விக்கூடம் நடத்தும் எச்சமுதாயத்தாரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லேண்ட் ஓ லேக்ஸ் என்னுமிடத்தில், ஹெஸ்பர்க் பாதிரியார் தலைமையில் கத்தோலிக்கக் கல்வியாளர்கள் கூடினர். தம் பல்கலைக்கழகங்கள் எவ்வகை அதிகாரத்தின் முன்னும் உண்மையான தன்னாட்சியும் ஆய்வுச் சுதந்திரமும் உடையனவாக விளங்க வேண்டுமென அவர்கள் அறிக்கை விடுத்தனர். 1990இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் விடுத்த சாசனமோ, கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் திருச்சபையின் இதயத்தினின்று பிறந்தது என்றது. இறையியல் கற்பிப்போர் அச்சபையின் போதனைக்கு உண்மையாயிருத்தல் வேண்டும் என்றது. ஆய்வுச் சுதந்திரத்தை அச்சாசனமும் மறுக்கவில்லை. இரண்டு நன்மைகளும் எதிரெதிரே நிற்கும்போதுதான் இடர் தோன்றுகிறது.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய இடர் நேர்ந்தது. அங்கு இறையியல் கற்பித்த சார்ல்ஸ் கரன் என்னும் பாதிரியார், கருத்தடை முதலியவற்றில் திருச்சபையின் நிலைக்கு மாறுபட்டார். கத்தோலிக்க இறையியல் கற்பிக்க அவர் தகுதியுடையவர் அல்லர் என 1986இல் வத்திக்கான் அறிவித்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 1989இல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 1990இல் அப்பல்கலைக்கழகத்தைக் கண்டித்தது.

இவற்றுள் எது நீதி? ஆசிரியர் பீடம் ஓர் அமானிதம். ஒரு சபையின் பெயரால் பேச ஒப்புக்கொண்டவர், அதன் போதனை இன்னதென்பதைத் திரிக்காமல் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். அவ்வாறே, அறிஞரை அழைத்துப் பீடத்தில் அமர்த்தியவர்களும் அவருக்கு அளித்த வாக்கைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். சமய நோக்கத்தால் சுதந்திரத்துக்கு வரம்பு உண்டெனில், பணியமர்த்தும்போதே அதனை எழுத்தில் தெளிவாகக் கூறிவிட வேண்டுமென மேற்கூறிய சங்கத்தின் 1940ஆம் ஆண்டுக் கொள்கை விதித்தது. வரம்பு வைப்பது அநீதியன்று. வரம்பில்லை என நம்பவைத்துப் பின்னர் அதனைக் காட்டுவதே அநீதி.

இன்னொன்றும் உண்டு. ஒரு சபையின் பெயரால் பேசும் உரிமை வேறு. தன் பெயரால் ஆராயும் உரிமை வேறு. போப்பாண்டவரின் தவறாமைக் கோட்பாட்டை வினவிய ஹான்ஸ் கியூங் என்பாரிடமிருந்து, கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் அனுமதி 1979இல் பறிக்கப்பட்டது. ஆயினும் அவர் பணியாற்றிய ட்யூபிங்கன் அரசுப் பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. கத்தோலிக்கப் பிரிவைச் சாராத இடத்தில் அவர் பேராசிரியராகத் தொடர்ந்தார். சபை தன் பெயரை மீட்டுக்கொண்டது. அறிஞர் தம் ஆய்வை இழக்கவில்லை.

எல்லாப் பிணக்கும் இவ்வாறு இனிது முடிவதில்லை என்பது மெய்யே. எனினும், சமயத்தின் பெயரால் கல்விக்கூடம் நடத்துவோர் இவ்விரண்டையும் மறவாதிருப்பாராக: விதியை வாயிலிலேயே சொல்லிவிடுதல், மாறுபட்டவரிடமிருந்து தம் பெயரை மட்டும் மீட்டுக்கொண்டு, அவரது மானத்தையும் பிழைப்பையும் விட்டுவைத்தல். மாணவனும் மறுப்பைக் கேட்டு, அதற்குரிய விடையையும் கேட்டுத் தெளியட்டும். வினாவே கேளாது வளர்ந்த நம்பிக்கை, பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தாண்டியதும் முதல் வினாவிலேயே தளர்ந்துவிடும்.