உள்ளுறை வெப்பம்

பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒரே பொருளே. திண்மத்தில் மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் நின்றபடியே அதிர்கின்றன; நீர்மத்தில் ஒன்றையொன்று தொட்டவாறே நழுவி இடம் மாறுகின்றன; வளிமத்தில் விலகிப் பிரிந்து, கிடைத்த வெளியெங்கும் பரவுகின்றன. மூலக்கூறுகள் மாறுவதில்லை; அவற்றிடையே உள்ள பிணைப்பே மாறுகிறது. பள்ளியில் நாம் அனைவரும் படித்த பாடம் இது. ஆனால் ஒரு நிலை மறுநிலையாகும் இடைவேளையில் நிகழ்வதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

பனிக்கட்டியை ஒரு பாத்திரத்திலிட்டு அடுப்பில் வைத்து, நன்கு கலக்கியபடி வெப்பமானியைக் கவனியுங்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். எனினும், கடைசித் துண்டு கரையும்வரை பாதரசம் 0 டிகிரியை விட்டு நகராது. 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் 1 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு உயர்த்திவிடும். அவ்வளவு வெப்பமும் எங்கே போயிற்று? இறுகிய பிணைப்பைத் தளர்த்துவதில் செலவாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த ஜோசப் பிளாக், அதை 'உள்ளுறை வெப்பம்' என்றார். அது இல்லையெனில் மலைப்பனி முழுவதும் ஒரேயடியாக உருகிப் பெருவெள்ளமாகும் என்றும் எடுத்துக்காட்டினார்.

சில ஆண்டுகளுக்கு முன், குடிப்பழக்கத்திற்கு அடிமையான ஒருவர் மாதந்தோறும் என்னைக் காண வருவார். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "விட்டுவிட்டீர்களா?" விடையும் ஒன்றே: "இல்லை சாமி." ஓராண்டு கழிந்ததும் சலித்துப்போய், "இனி வந்து பயனில்லை" என்று சொல்லிவிட்டேன். அவரும் வரவில்லை. பின்னர் ஒருநாள் அவருடைய மனைவி சொன்னார்: "அந்த ஒரு வருசம் கூலியில பாதியை என் கையில கொடுத்தாரு சாமி. பிள்ளைங்கமேல கை வைக்கல. நீங்க வர வேணாம்னு சொன்னப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

நான் வெப்பமானியை மட்டும் பார்த்திருந்தேன். அருகிலிருந்தவர் பனிக்கட்டியையே பார்த்திருந்தார். பாதி உருகியதைக் குளிரில் விட்டால் மீண்டும் உறையும். அதைத்தான் நான் செய்தேன்.

புலப்படாத மாற்றத்தை மாற்றமே அன்று எனத் தீர்ப்பிட நமக்கு உரிமை உண்டா? இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மனிதன் பனிக்கட்டி அல்லன். அவனுக்குத் தன்னுரிமை உண்டு. எவ்வளவு வெப்பம் தந்தாலும் உருக மறுக்க அவனால் இயலும். அடிபடும் மனைவியிடம் "பொறுத்துக்கொள்" என்பதும் அறமன்று. அவரையும் பிள்ளைகளையும் காப்பதே முதற்கடமை. பொறுமை என்பது உதவ முன்வந்தவனுக்குரிய கடன். துன்புறுவோர்மீது ஏற்றும் சுமை அன்று. அந்தக் கடனைத்தான் நான் செலுத்தத் தவறினேன்.

இப்போது அத்தகையோர் வந்தால், "விட்டுவிட்டீர்களா?" என்று நான் தொடங்குவதில்லை. "இந்த மாதம் வீட்டில் எப்படி?" என்று கேட்கிறேன்.