எண்பதில் வரும் நடுக்கம்

பங்கின் பழைய பிக்கப் வண்டியை விற்க முடிவாயிற்று. கடலூர்த் தெருக்களில் அது சாதுவாகவே ஓடும். சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் நடுங்கும்; வேகம் தணிந்தால் அடங்கிவிடும். சமநிலைக் குறையின் விசை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவது. 40இல் இருப்பது 80இல் நான்கு மடங்கு.

ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரங்களையும், இருக்கை அதிர்ந்தால் பின்புறத்தையும் முதலில் ஐயுற வேண்டும் என்றார் மெக்கானிக். அதிர்ந்தது இருக்கை. சக்கரங்களுக்கு ஈயத்துண்டு பொருத்தி பாலன்ஸ் செய்தோம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸை மாற்றினோம் (அவ்வுறுப்பின் பெயரே சிலுவை!). பயனில்லை, ஷாஃப்டே சற்று வளைந்திருந்தது.

"ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் தெரியாது, சாமி" என்றார் ஓட்டுநர்.

பொய் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. மௌனம் போதும் என்றார். 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் இதை ஆராய்ந்துள்ளார். ஒற்றைக்கண் குதிரையின் குறை வெளிப்படையானது. விற்பவன் அதைச் சொல்லக் கடமையில்லை, விலையைக் குறைத்தால் போதும். ஆபத்து விளைக்கும் மறைவான குறையையோ சொல்லியே ஆகவேண்டும். நம் வண்டியின் குறை எவ்வகை? நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்காதது வாங்குபவரின் தவறன்றோ என்று என் மனமும் வாதாடியது. ஆனால் எங்கே ஓட்டினால் தெரியும் என்பதை அறிந்தவன் நான் ஒருவனே.

வாங்க வந்தவரை ஆலப்பாக்கம்வரை அழைத்துச் சென்றேன். விலை குறைந்தது. பங்குப் பேரவையில் இன்றும் அதற்குக் கணக்குக் கேட்கிறார்கள்.