யார் வீட்டுக் கதவு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நிற்கிற கதவுகளுக்கு வீடு கிடையாது. நிலையோடு பெயர்த்தெடுத்த கதவுகள், ஜன்னல்கள், மரத்தூண்கள் எல்லாம் கடைவாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கும். வெளியூர்களிலிருந்து வாங்க வருகிறார்கள். வீடு கட்டுபவர்கள், ரிசார்ட் கட்டுபவர்கள், அவர்கள் சார்பில் என்னைப் போன்றவர்கள். கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் கதவு ஜன்னல் பார்த்து வாங்கித் தருவது என் வேலை. புதிதாகச் செய்யச் சொன்னாலும் பழையதை வாங்கினாலும், அளவு பொருந்துமா, மரம் முறுக்குமா, எப்போது வந்து சேரும் என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் டேப்பும் அனுபவமும் போதும். இதை வாங்குவது சரியா என்ற கேள்விக்குத்தான் கையில் எந்தக் கருவியும் இல்லை.

பழைய கதவுக்கு எங்கள் துறையில் ஒரு தயார் நியாயம் உண்டு. புது மரம் வெட்ட வேண்டாம். பல பத்தாண்டு காய்ந்த, வைரம் பாய்ந்த தேக்கு. நாம் எடுக்காவிட்டால் விறகாகப் போகும். "நாம வெட்டல, நாம இடிக்கல, வாங்குறோம், அவ்வளவுதானே?"

இந்த வாதம் புதிதல்ல. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இதை அன்றைக்கே எதிர்கொண்டிருக்கிறது. நான் கொல்லவில்லை, வாங்கித்தான் தின்கிறேன் என்பவனுக்கு அங்கே கிடைக்கும் பதில், தின்ன ஆள் இல்லாவிட்டால் விற்கவும் ஆள் இருக்காது என்பது. வாங்குகிறவன் கடைசியில் வந்து சேர்கிறவன் அல்ல, அவனிடமிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது.

செட்டிநாட்டில் ஒரு வீடு எப்படி இடிபடுகிறது என்று பார்த்தால் இது புரியும். அந்தப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து, மறுநாள் பூட்டுகிற வீடு. ஓடு மாற்றுகிற செலவை யார் ஏற்பது என்பதிலேயே வருஷங்கள் ஓடும். கடைசியில் விற்பது என்று முடிவானால், நிற்கிற வீட்டை வாங்க ஆள் கிடைப்பது அரிது. பிரித்த வீட்டை வாங்க ஒரு தெருவே காத்திருக்கிறது. அந்தத் தெரு காத்திருப்பது என்னை நம்பித்தான்.

ஆனால் புலால் உவமை இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. ஆடு தானாகச் செத்துக்கொண்டிருக்கவில்லை. பூட்டிக் கிடக்கிற வீடு ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. விற்கிற பங்காளிக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கலாம், மகளின் கல்யாணம் இருக்கலாம். ஒழுகுகிற கூரைக்கு ஒரு ஓடுகூட வாங்கித் தராத நான், "ஐயோ, பாரம்பரியம் போச்சே" என்று சொல்வது மலிவான துக்கம். அவர்கள் வீடு அவர்கள் சொத்து. என் ரசனைக்காக அதை அவர்கள் சுமக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் சிக்கல் கூடுகிறது. அந்த வீடுகளின் தேக்கில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது, கட்டிய பணத்தில் பெரும்பங்கும் அங்கிருந்துதான். கீழ் பர்மாவின் நெல் விவசாயம் நகரத்தார் கொடுத்த கடனில் வளர்ந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938ல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் நிலம் பிடிக்கப் போனவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். 1942ல் ஜப்பான் படை வந்தபோது பல இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா 1948ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. இழந்த பர்மிய விவசாயியின் கதை உண்மை, இழந்த செட்டியாரின் கதையும் உண்மை. கடையில் சாய்ந்து நிற்கிற கதவில் இரண்டும் இருக்கிறது. வாடிக்கையாளர் அதை 'ஆன்டிக் லுக்' என்கிறார்.

"அதெல்லாம் பழைய கதை, காலம் கழுவிடும்" என்று சொல்லலாம். அப்படியானால் ஒன்று யோசிக்க வேண்டும். மியான்மர் 2014ல் தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. இந்தியா விதிக்கவில்லை. காலம்தான் கழுவுகிறது என்றால், இன்று ராணுவம் விற்கிற தேக்கும் 2100ல் சுத்தமாகிவிடும். நம் பேரப்பிள்ளைகள் அதையும் ஆன்டிக் என்று வாங்குவார்கள். பழசாவதும் நியாயமாவதும் ஒன்றல்ல.

சரி, சுத்தமான கதவு எது? ஆப்பிரிக்கத் தேக்கு என்கிறார்கள். எந்த நாடு, எந்தக் காடு என்று மரவாடியில் கேட்டால் "கானா சார், இல்லாட்டி நைஜீரியா" என்பதோடு பதில் முடிந்துவிடும். நிலம்பூரில் 1840களிலிருந்து நட்டு வளர்க்கிறார்கள், ஆனால் அதுவும் காட்டை அழித்து நட்ட காடுதான். யுபிவிசி ஜன்னலைக் கரையான் தொடாது, ஆனால் சட்டம் விட்டுப்போனால் ஆசாரியால் இழைத்துச் சரிசெய்ய முடியாது. சுத்தமான கதவைத் தேடினால் வாசல் திறந்தேதான் கிடக்கும்.

சட்டத்திலும் பதில் இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 100 வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. தேவகோட்டையிலிருந்து ஈசிஆருக்குப் போகிற லாரியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

பழைய வீட்டு நிலையைப் புது வீட்டில் வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டு துக்கமும் கூடவே வரும் என்பார்கள். சாஸ்திரமாக இதை நான் நம்பவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஒரு வீடு உண்டு என்பதை அந்தப் பேச்சு மறக்கவிடவில்லை. விலைச்சீட்டு மறக்க வைக்கிறது.

போன கதவின் கணக்கை என்னால் தீர்க்க முடியாது. அடுத்த கதவின் கணக்கில் எனக்குப் பங்கு உண்டு. அதனால் வேலையில் நான் கவனிப்பது எண்ணிக்கையை. ஒற்றைக் கதவு எங்கிருந்தும் மிஞ்சியிருக்கலாம். ஆனால் ஒரே அளவில், ஒரே வேலைப்பாட்டில் பதினாறு ஜன்னல் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால், அவர் கேட்பது ஜன்னல் அல்ல, ஒரு முழு வீடு. கடைக்காரரும் அதைத்தான் சொல்வார்: "ஸ்டாக்குல இல்ல தம்பி. நிக்கிற வீடு ஒண்ணு இருக்கு, அட்வான்ஸ் போட்டா பிரிச்சிடலாம்." கதவை ஆர்டர் கொடுத்துச் செய்வது வேறு, வீட்டை ஆர்டர் கொடுத்து இடிப்பது வேறு. அந்த அட்வான்ஸை நான் போடுவதில்லை. பதினாறும் புதிதாகவே செய்யலாம், உள்ளூர் வேம்பிலோ பலாவிலோ, பெயர் தெரிந்த ஆசாரியிடம் என்று சொல்வேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் வேறு ஆளிடம் போகிறார்கள்.

இந்தக் கோடு நேரானதல்ல என்று தெரியும். நான் ஒற்றைக் கதவு எடுத்த இடத்தில் இன்னொரு கதவு வந்து சாயும், அது வர எங்கோ ஒரு வீடு பிரிய வேண்டும். குறளின் வாதம் என் ஒற்றைக் கதவையும் விடாது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் கிடக்கிறதை எடுப்பதற்கும் நிற்கிறதைச் சாய்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் எந்தக் கதவை எடுத்தாலும் எந்த ஊர், வீடு எப்போது இறங்கியது என்று கேட்டு பில்லில் எழுதச் சொல்கிறேன். பல கடைகளில் சிரிக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் எழுதித் தருகிறார்கள்.