கூடத்துப் படம்

அனந்தபுரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் கூடத்துச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்தைக் காணலாம். படத்தை மந்திரித்து மாட்டி, குடும்பத்தோடு முழந்தாளிட்டு, இனி வீட்டுக்குத் தலைவர் அவரே என்று ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தைப் பெரு நாட்டில் பிறந்த மத்தேயோ என்ற குருவானவர் 1907 முதல் பரப்பினார்.

நல்ல வழக்கந்தான். ஆனால், தலைவர் என்று சொல்லிவிட்டு அவரை விருந்தாளியாகவே வைத்திருக்கிறோமோ என்று எனக்கொரு சந்தேகம். விருந்தாளிக்குக் கூடம் போதும். பெட்டிச் சாவியை யாரும் கொடுப்பதில்லை. பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற பேரம் அந்தப் படத்தடியில் பாய் விரித்தல்லவா நடக்கிறது!

லூக்காவின் சுவிசேஷத்தில் சகேயு என்ற ஆயக்காரன் வருகிறான். ஆண்டவர் அவன் வீட்டில் தங்கப் போனார். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏய்த்து வாங்கியதற்கு நாலு மடங்கு என்று அவனே எழுந்து நின்று சொன்னான். அன்றிரவு அவன் மனைவி என்ன சொன்னாளோ! கதை எழுதுகிறவனுக்கு அதுதான் வேண்டும், லூக்கா எழுதவில்லை. ஊரார் முணுமுணுத்ததை மட்டும் எழுதியிருக்கிறார். ஒதுக்கி வைத்தவன் வீட்டில் அவர் கால் வைத்துவிட்டாராம்.

2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி அவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் கலகம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரண்டு தெருக் கூடங்களிலும் அதே படந்தான் இருந்திருக்கும். ஒரு தெருக்காரர் மறு தெருக் கூடத்தில் எத்தனை முறை உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்?