தீட்டிக் கொடுப்பவனின் பொறுப்பு

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமைக் கவிஞர் ஹொராஸ், கவிக்கலையைப் பற்றி எழுதிய திருமுகத்தில் தம்மை ஒரு சாணைக்கல்லுக்கு ஒப்பிடுகின்றார். தாம் இனிக் கவி இயற்றாமல், இயற்றுவோருக்கு வழி காட்டப் போவதாகச் சொல்லும் இடத்தில் இந்த உவமை வருகின்றது. கல்லுக்கு வெட்டும் தன்மை இல்லை. ஆயினும் வெட்டுகின்ற இரும்பைக் கூராக்கும் வேலை அதனுடையது. பிள்ளைகளுக்குப் படிப்பிப்போரும், பெற்றோரும், பத்திரிகைக்கு எழுதுவோரும் கேட்டு மகிழக்கூடிய உவமைதான். ஆனால் வாசகரே, அதற்குள் சங்கடமான கேள்வியொன்றும் ஒளிந்திருக்கின்றது. வெட்டியது கத்தி, கல் அன்று எனக் கூறிவிட்டால், கல்லுக்கு உரியவனின் கணக்கு அத்துடன் தீர்ந்து விடுமா?

தீட்டிய மரத்திலே கூர் பார்க்கிறான் என்பது நம்மவர் பழமொழி. நன்றி கெட்டவனைப் பற்றியது. அதிலே அடிபடுவது தீட்டுமரம். தீட்டிய கத்தி வேறொருவன் மேல் பாய்ந்தால் மரத்துக்கும் பங்குண்டோ என்று அந்தப் பழமொழி கேட்கவில்லை. அதை நாம் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் கல்லைப் பற்றிச் சிறிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம் காலடியில் கிடப்பது சுண்ணக்கல். அதைக் கொண்டு எவரும் கத்தி தீட்டுவதில்லை; காரணம் எளிது. கனிப்பொருள்களின் வன்மையை ஒன்றிலிருந்து பத்து வரை வகுக்கும் மோஸ் அளவையில் சுண்ணக்கல்லின் கல்சைற்று மூன்றாம் படியில் நிற்கின்றது. சமையலறைக் கத்தியின் உருக்கு ஏறக்குறைய ஆறு. மெதுவான கல் வன்மையான உருக்கைத் தேய்க்க மாட்டாது. உருக்குத்தான் கல்லைச் சுரண்டும். ஆகவேதான் வெளியிலிருந்து வந்த கருங்கல் அம்மியின் ஓரத்தில் நம் தாய்மார் கத்தியை உரசினார்கள். கருங்கல்லில் படிகக்கல் மணிகள் உண்டு. அவற்றின் வன்மை ஏழு. மரப்பலகையில் நுண்மணலைத் தூவித் தீட்டுவதும் இதே தத்துவந்தான்: மரம் பிடித்துக் கொள்கின்றது, மணல் அரிக்கின்றது.

நல்ல சாணைக்கல் உலகில் எங்கும் கிடைப்பதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் மூத்த பிளினி தமது இயற்கை வரலாற்றில் கிரேத்தாத் தீவுக் கல், நக்சோஸ் தீவுக் கல் எனப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகின்றார். எண்ணெய் வேண்டியவை இவை, தண்ணீர் வேண்டியவை இவை என்று பிரிக்கின்றார். நாவிதர் கடையில் உமிழ்நீர் தொட்டுத் தீட்டப்படும் கல்லையும் விட்டுவிடவில்லை. நோர்வே நாட்டின் எயிட்ஸ்போர்க் என்னும் இடத்துக் கற்கள் கடலோடிகளின் காலத்திலேயே கப்பலேறி அயல் நாடுகளுக்குப் போயின. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் மஞ்சள் நிறக் கல்லொன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கானெற் மணிகள் அதனுள் நிறைந்திருக்கின்றன. கற்படையோ மிக மெல்லியது; ஆகையால் வெட்டியெடுத்த துண்டைப் பலகைக்கல்லின் மேல் ஒட்டி விற்கின்றார்கள். சவரக் கத்திக்கு அதற்கு நிகரில்லை என்று பெயர். ஜப்பானில் கியோத்தோ நகருக்கு வடமேற்கே உள்ள மலைகளில் கிடைக்கும் மெருகுக் கல், ஆழ்கடலின் அடியில் மிக மெதுவாகப் படிந்த நுண்துகள்களால் ஆனது. அதன் வயது இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்தச் சுரங்கங்களிற் பெரும்பாலானவை இன்று மூடிக் கிடக்கின்றன.

தீட்டும்பொழுது நடப்பதையும் கவனித்துப் பாருங்கள். கல் கத்திக்கு எதையும் கொடுப்பதில்லை, எடுத்துக் கொள்கின்றது. இரு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டிற் சந்திக்கும் வரை உருக்கு தேய்கின்றது. சந்தித்தவுடன் விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். அதை நீக்கினாற்றான் கூர் நிற்கும். அதே வேளையில் கல்லும் தேய்ந்து சேறாகின்றது. நீர்க்கல்லிலே அந்தச் சேறுதான் வேலையின் பெரும் பகுதியைச் செய்கின்றது. அதை அடிக்கடி கழுவி விடுகின்றவன் தொழில் தெரியாதவன். பல ஆண்டுகள் பாவித்த கல் நடுவே குழிந்து போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கத்தியும் குறைகின்றது, கல்லும் குறைகின்றது. இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து தேய்ந்த பின், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கல் சொன்னால் நாம் நம்புவோமா?

அப்படியானால் தீட்டாமலே விட்டுவிடலாம், வம்பே வேண்டாம் என்று சிலர் நினைக்கலாம். மழுங்கிய கத்தி எவருக்கும் தீங்கு செய்யாது என்ற எண்ணம் நம் வீடுகளில் நிரம்ப உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கத்தி மழுங்கியிருப்பதே நல்லது என்று சொல்லும் தாய்மார் பலர். உண்மை அதற்கு மாறானது. கூரில்லாத கத்தியை அழுத்த வேண்டியிருக்கின்றது. அழுத்தினால் தக்காளியின் தோலில் வழுக்குகின்றது. வழுக்கினால் விரலிற் பாய்கின்றது. தீட்டாத இரும்புக்கு அதிக பலம் செலவழிக்க வேண்டும் என்பதைச் சபை உரையாளர் நூலின் பத்தாம் அதிகாரமும் எடுத்துக் காட்டுகின்றது.

அறுக்கப்படும் விலங்கின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். யூத மரபில் அறுப்பவர் அறுப்பதற்கு முன்னும் பின்னும் கத்தியின் விளிம்பைத் தம் நகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய பல் தட்டுப்பட்டாலும் அந்தக் கத்தி ஆகாது. இஸ்லாமிய மரபும் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளும்படி பணிக்கின்றது. அதையும் விலங்கின் கண்முன்னே செய்யலாகாது என்கின்றது. கூர்மை இங்கே இரக்கத்தின் வேலையைச் செய்கின்றது. வேலையில் மழுங்கிய மனிதரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். ஒன்றும் அறியாதவர், ஒரு வம்புக்கும் போகாதவர் என்று நாம் புகழ்கின்ற சிலரால், உதவி கேட்டு வந்த ஏழைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் இயலவில்லை. அவர்களுடைய சாதுத்தன்மையை எல்லா வேளையிலும் புண்ணியமாகக் கணக்கிட முடியாது.

எனவே தீட்டத்தான் வேண்டும். ஆனால் யாருக்கு, எப்பொழுது?

வேலித் தகராறு நமக்குப் புதியதன்று. கதியாலை அரையடி தள்ளி நட்டதில் தொடங்கும், பேச்சு வளரும், பின் இரு வீட்டாரும் வாசலால் போய் வருவதும் நின்றுவிடும். அப்படியொரு சண்டை நடந்த அன்று மாலை, இருட்டுகின்ற நேரத்தில், அடுத்த வளவுக்காரர் கொடுவாக்கத்தியுடன் உங்கள் படலையில் நின்று சாணைக்கல்லைக் கேட்கின்றார் என வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் நெருப்பும் போலக் கல்லும் அயலுக்குக் கொடுத்து வாங்கும் பொருள். என்ன செய்வீர்கள்?

பிளேட்டோவின் குடியரசு என்ற நூல் இதையொத்த ஒரு சிக்கலுடன்தான் ஆரம்பிக்கின்றது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் உண்மை பேசுவதுமே நீதி என்ற கருத்து முதியவர் கெபாலசின் பேச்சிலிருந்து எழுகின்றது. சோக்கிரதீஸ் கேட்கின்றார்: சித்தம் தெளிந்திருந்தபோது நண்பன் தன் ஆயுதத்தை உம்மிடம் தந்து வைத்தான், பின்னர் சித்தம் கலங்கிய நிலையில் வந்து கேட்கின்றான், கொடுப்பது நீதியாகுமா? ஆகாது என்றே எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். அந்த ஆயுதம் கேட்பவனுக்கே சொந்தமானது. நம் கதையில் கல் உங்களுடையது. சொந்தப் பொருளையே கொடாமல் வைத்திருக்கலாமெனில், இரவலைக் கொடாதிருப்பதில் என்ன தடை?

நமது ஒழுக்கவியல் அறிஞர்களும் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றார்கள். எசமான் ஒரு கன்னிகையைக் கெடுக்கும் நோக்குடன் சன்னலால் ஏறுகின்றான். வேலைக்காரன் அதை அறிந்தே தோள் கொடுக்கின்றான், ஏணி தூக்குகின்றான். மறுத்தால் எசமானின் கொடுமைக்கு ஆளாக நேரும் என்ற அச்சம் அவனைக் கனமான பாவத்திலிருந்து விடுவிக்கும் என்று அக்காலத்தில் சிலர் இலகுவாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் அந்தக் கருத்தைக் கண்டித்தார். பின்னர் 1787-இல் மறைந்த புனித அல்போன்ஸ் லிகோரியார், தீயவனின் எண்ணத்தோடு சேர்ந்து உதவுவதற்கும், எண்ணத்தில் சேராமல் செயலளவில் மட்டும் உதவுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். முன்னது எந்நிலையிலும் ஆகாது. பின்னது சில வேளைகளில் பொறுக்கத்தக்கது. ஆனால் உதவி தீமைக்கு எவ்வளவு கிட்டியது, அதைச் செய்ய எவ்வளவு வலுவான காரணம் இருந்தது என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். இரும்பைத் தோண்டியெடுத்தவன் தூரத்தில் நிற்கின்றான். கத்தியை அடித்த கொல்லன் சற்று அருகே. அன்று மாலை கல்லைக் கொடுப்பவரோ மிக மிகக் கிட்ட நிற்கின்றார்.

நான் கொடாவிட்டால் வேறொருவர் கொடுப்பார் என்பது நாம் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில். அதை முழுவதும் தள்ளிவிட முடியாது. தன் உதவியின்றியும் தீமை நடந்தேறுமா என்பதை அறிஞர்களும் கணக்கிற் சேர்க்கின்றார்கள். எனினும் என் எண்ணத்தில் இந்தப் பதில் நேரத்தை மறந்து விடுகின்றது. அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்கப் பத்து நிமிடம் ஆகும். அங்கும் மறுத்தால் இன்னொரு பத்து. கோபத்துக்கு அந்த நிமிடங்கள் பெரிது. மின்சாரத்தில் சுழலும் சாணைச் சில்லு இந்த அவகாசத்தையும் தருவதில்லை. நொடிப்பொழுதில் பொறி பறக்கின்றது. (கவனமற்றவன் கையில் உருக்கு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வரை சூடேறி நீலம் பாரித்து, கூர் நில்லாத இரும்பாகி விடுவதும் உண்டு. அவசரத்துக்கு உரிய கூலி!)

சந்தேகத்தின் பேரில் மறுப்பது சரியென்று ஒப்புக்கொண்டவுடன் வேறோர் ஆபத்து வந்து நிற்கின்றது. சாமுவேல் முதலாம் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எபிரேயர் வாளும் ஈட்டியும் செய்துவிடுவர் என்று அஞ்சிப் பெலிஸ்தியர் அந்த நாட்டில் ஒரு கொல்லனும் இல்லாதபடி செய்திருந்தார்கள். உழவன் தன் கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குப் பகைவனிடமே போக வேண்டும். கொழுவுக்குக் கூலி ஒரு பிம். அது செக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. பிம் என்று பொறித்த நிறைகற்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்துள்ளனர். ஏறக்குறைய 8 கிராம் நிறை. பெலிஸ்தியர் தங்கள் பாதுகாப்பைத்தான் எண்ணினார்கள் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஒரு சனம் முழுவதையும் கொலைகாரரென எண்ணி, உழுகின்ற இரும்பையும் கூட மழுங்க வைத்தார்கள். இதை விளங்கிக்கொள்ள நம்மவருக்கு விரிவுரை தேவையில்லை. 1990-களில் வடக்கே வரக்கூடாதென்று தடுக்கப்பட்ட பொருள்களில் பற்றரியும் சீமெந்தும் பசளையும் இருந்தன. விளக்கெரிக்கவும் பயிர் வளர்க்கவும் கேட்டவனும் அதே பட்டியலுக்குள் அகப்பட்டான்.

ஆகவே மறுப்பதானால் அந்த மனிதனையும் அந்த மணித்தியாலத்தையும் அறிந்து மறுக்க வேண்டும். அவன் சாதியையோ ஊரையோ கையில் இருக்கும் இரும்பையோ கண்டு மறுத்தால் நாமும் பெலிஸ்தியர் பக்கம் போய்விடுகின்றோம்.

படலையில் நிற்கும் அயலவருக்கு என்ன பதில் சொல்வது? நம்மிற் பெரும்பாலோர் கல் உடைந்து போயிற்று என்றோ, யாரோ கொண்டு போனார் என்றோ சொல்லி அனுப்பி விடுவோம். அது பொய். அத்துடன் கோழைத்தனமும் ஆகும்; ஏனெனில் அவரை அவருடைய கோபத்துடன் தனியே திருப்பி அனுப்புகின்றது. "அண்ணை, இந்த நேரத்திலை கல்லைத் தரமாட்டன். கத்தியை அங்காலை வைச்சிட்டு முதல் உள்ளுக்கு வந்து இருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குத் துணிவு வேண்டும். அதைச் சொன்னால் உறவு முறியலாம். ஒருவேளை அவர் வேறெந்த நோக்கமுமின்றி, ஆட்டுக்குக் குழை வெட்டத்தான் கல்லைக் கேட்டிருக்கவும் கூடும். அப்படியாயின் குற்றமற்ற ஒருவரை நீங்கள் அவமதித்து விட்டீர்கள்; அதுவும் சிறிய காரியமன்று. ஆனால் அவமதிப்பை மறுநாள் மன்னிப்புக் கேட்டு மாற்ற முடியும். வெட்டுக்காயத்தை அப்படி மாற்ற இயலாது.

மன்னிப்புக் கேட்பதற்கு, விடிந்ததும் கல்லைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு நீங்கள்தான் போக வேண்டும். அவர் மறுபடி வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.