கரை நாடா போடுகிறவர்கள்

வேலையை உதறிவிட்டு மனதுக்குப் பிடித்த தொழிலுக்கு மாறியவர்களின் பேட்டி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் விடாமல் படிப்பேன். கணிப்பொறி வேலையை விட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவர், வங்கி வேலையை விட்டுச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியவர், அப்பாவின் மளிகைக்கடையை மூடிவிட்டுச் சினிமாவுக்குப் போனவர். அவர்கள் பட்ட பாட்டையும் பிறகு நிமிர்ந்து நின்றதையும் படிக்கும்போது மனது நிறைந்துபோகும். ஆனால் அந்தப் பேட்டிகளில் ஒரு தகவலைத் தேடிப் பார்ப்பேன், அநேகமாகக் கிடைக்காது. வருமானம் நின்றுபோன அந்த மாதங்களில் வீட்டுக்கு அரிசி வாங்கியது யார்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியது யார்?

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவன். தறி போட்ட கூடத்தில்தான் படித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். தொழிலை மாற்றிக்கொள்வது, பரம்பரைத் தொழிலைக் காப்பாற்றுவது, துணிந்து இறங்குவது என்ற பேச்செல்லாம் வரும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது கோர்வைப் புடவை நெய்கிற விதம்தான்.

கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, பச்சைக்கு ஊதாக் கரை. இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை. நெய்யும்போதே, குறுக்கே போகிற ஒவ்வொரு ஊடையிலும், உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த ஊடை நூலைக் கொண்டுபோக மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, பலகை அடித்து நெய்கிற ஒருவரால் இந்த மூன்றையும் சமாளிக்க முடியாது. அதனால் தறியின் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவார். அந்தப் பக்கத்துக் கரையின் நாடா அவர் கையில் இருக்கும். நெய்பவர் நாடாவை விட்டதும் இவர் தன் நாடாவைக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் உடலும் கரையும் சேருகிற இடத்தில் நூல் விட்டுப்போகும். புடவையை வாங்குகிறவர் விரலால் ஒரு தடவு தடவியே அதைக் கண்டுபிடித்துவிடுவார். கூலியில் பிடித்துக்கொள்வார்.

ஒரு நல்ல கோர்வைப் புடவை முடியப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், வேலைப்பாடு கூடினால் இன்னும் ஆகும். அத்தனை நாளும் கரைப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க முடியாது. ஆனால் கூலி எழுதப்படுவது நெய்தவர் பேரில். நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் அவர்தான், பாஸ்புத்தகமும் அவர் பேரில்தான். கரை நாடா போட்டவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண், அல்லது பையன். அவர்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது.

எங்கள் வீட்டில் அப்பா குழியில் உட்கார்ந்தார். அண்ணன் கரையில் உட்கார்ந்தார். அம்மா, நாடாவுக்குள் வைக்கிற நூலை ராட்டையில் தாராகச் சுற்றினார். அண்ணன் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். நான் பச்சையப்பன் கல்லூரி வரை போனேன். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. மூத்தவன் கரைக்கு வேண்டியிருந்தான், சின்னவன் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். பட்டுத் தறி இருந்த எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்தது.

படித்து முடித்துச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனாலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு, அந்த வேலையை விட்டு பி.எட். சேர்ந்தேன். முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு ஆசிரியராகச் சேர்ந்து, மெல்ல மெல்ல நிலைத்தேன். இன்றும் அதைப் பற்றிப் பேசும் நண்பர்கள் என்னைத் துணிச்சல்காரன் என்கிறார்கள். அந்த நாட்களில் என் மனைவியும் பிள்ளைகளும் காஞ்சிபுரம் வீட்டில் இருந்தார்கள். அடுப்பு எரிந்தது அண்ணனின் தறிக்கூலியில். கோர்வைக்கு ஆள் வேண்டுமென்று அண்ணி கரையில் உட்கார்ந்தார். ராத்திரிச் சமையல் முடித்துவிட்டு மறுநாளைக்குத் தாரும் சுற்றினார். அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு தடவை, "பரீட்சை எப்படா?" என்பதுதான். எப்போது சம்பாதிப்பாய் என்று அவர் கேட்டதே இல்லை. அந்தத் துணிச்சலில் பெரும்பங்கு அவருடையது, அண்ணியுடையது. இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கு எழுதிப் பழகியவன், கணக்காகவே சொல்கிறேன்.

நம் பேச்சில் பரம்பரை ஒரு பக்கம், துணிச்சல் எதிர்ப்பக்கம் என்று நிறுத்திவிடுகிறோம். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று வரும் என்பதுபோல. எங்கள் ஊர் வரலாறு அப்படி இல்லை. காஞ்சியின் நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன, சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. விஜயநகர அரசர்கள் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. தெரியாத ஊருக்குத் தறிச் சாமானோடு வந்து இறங்கிய யாரோ ஒருவரின் முடிவுதான் இன்று அவர்களுக்குப் பரம்பரை. எங்கள் தாத்தா பருத்தி நெய்தவர். பருத்தி நூல் அறுந்தால் நஷ்டம் கொஞ்சம். பட்டு நூலும் ஜரிகையும் கெட்டுப்போனால் வீட்டை விற்றாலும் ஈடுகட்ட முடியாத காலம் அது. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு, சூரத்திலிருந்து வரும் ஜரிகை, இரண்டையும் முதலாளியிடம் எடைபோட்டு வாங்கி, எடைபோட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பயத்தோடுதான் தாத்தா பட்டுக்கு மாறினார். பருத்தி சுற்றிப் பழகிய கையை வழுக்குகிற பட்டுக்குப் பழக்கியது பாட்டி. எங்களுக்குப் பட்டு நெசவு பரம்பரைத் தொழில். தாத்தாவுக்கு அது நடுவயதில் மாற்றிக்கொண்ட வேலை.

அடுத்த மாற்றம் எங்கள் கண்ணெதிரே நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் போட்டார்கள்; 1998-இல் ஹூண்டாய் வண்டிகள் வெளியே வந்தன. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்தன. விடியற்காலையில் எங்கள் தெருவில் முன்பெல்லாம் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூலாக இருக்கும். அதே நேரத்துக்கு இப்போது கம்பெனி பஸ் வந்து நின்றது. தெருவில் பாவு குறைந்தது. பிள்ளைகள் சீருடையோடு ஏறிப் போனார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., ஆஸ்பத்திரிச் செலவுக்கு இ.எஸ்.ஐ. மழைக்காலம் வந்தால் தறிக்குழியில் ஈரம் ஊறி, வேலை நின்று, கடன் வாங்கிக் காலம் தள்ளிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கைத்தறி அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றது. எட்டே ஆண்டுதான். அதை நம்பியிருந்த மற்ற கம்பெனிகளிலும் ஆட்குறைப்பு வந்தது. வேலை போனவர்களில் பெண்கள் ஏராளம். பலர் இருபதுகளில் இருந்தார்கள். எங்கள் தெருவுக்கும் சிலர் திரும்பி வந்தார்கள். அப்போது நான் கவனித்த ஒன்று என்னை மிகவும் பாதித்தது. அப்பாவோ அம்மாவோ தறியை விடாமல் வைத்திருந்த வீடுகளில், திரும்பி வந்தவர்கள் கொஞ்ச காலம் கரை நாடா போட்டார்கள், தார் சுற்றினார்கள், அடுத்த வேலை தேட மூச்சுவிட நேரம் கிடைத்தது. தறியைப் பிரித்து விறகுக்குப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் அந்த நேரம் கிடைக்கவில்லை. கிடைத்த கூலிக்கு உடனே போக வேண்டியிருந்தது. போனவர்கள் திரும்பி வர ஓர் இடம் இருந்தது என்றால், அதை யாரோ தினமும் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதே சமயம், தறியிலேயே இருந்துவிடுவது பத்திரமான வழி என்று நான் சொல்லவரவில்லை. இருந்துவிடுவதும் ஒரு பந்தயம்தான், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகும் முட்டியும் போகும். ஐம்பதைத் தாண்டினால் நூல் கண்ணுக்குத் தெரியாது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு இடத்துக்குப் போக முடியாது; ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னொரு கல்யாணம் வரைக்கும் நிற்கும். தங்கம், வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும், கடைக்காரர் ஆர்டரைக் குறைப்பார். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சொல்லி விற்பது நிற்கவில்லை. நாடு முழுவதும் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் 2009-10-இல் 43 லட்சம் பேருக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தார்கள். 2019-20-இல் அது 35 லட்சமானது. மீதம் இருக்கிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். தறியைத் தாங்கிக்கொண்டு வீட்டில் நிற்பது பெண்கள் என்றுதான் நான் அந்தக் கணக்கைப் படிக்கிறேன்.

வீட்டில் நின்று தாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல, எங்கள் ஊரில் பிறந்த அறிஞர் அண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1909-இல் நெசவாளர் மரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர், பிறகு சென்னைக்குப் போய்ப் பட்டப்படிப்பு, அப்புறம் ஆசிரியர் வேலை, பத்திரிகை, நாடகம், அரசியல், முதலமைச்சர். இத்தனை மாற்றத்தையும் பெருமையாகப் பேசுகிறோம். அவரை எடுத்து வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். அண்ணா அவரைத் தொத்தா என்று அழைத்தார். அண்ணா நினைவு இல்லத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும்போது, வாசலில் நிற்கவைத்துத் தொத்தாவைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன். அந்த வீட்டில் ஒருவர் உறுதியாக இருந்ததால்தான் இன்னொருவர் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

எனக்கு மனசில் உறுத்துகிற இடம் வேறு. வீட்டில் இருந்து தாங்குகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அண்ணனிடம் நான் ஒருமுறை கேட்டேன், "உனக்கு என்ன படிக்கணும்னு ஆசை இருந்துச்சு?" என்று. கொஞ்ச நேரம் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படம் வரைவேன். டிசைன் போடறவராப் போகணும்னு நெனச்சேன்" என்றார். புடவைக்கு டிசைன் வரைந்து, தறிக்கு வேண்டிய துளை அட்டை அடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் நல்ல மதிப்போடு இருந்தார்கள். அந்த வேலைக்குக் கைத்திறன் மட்டும் போதாது; கற்றுக்கொள்ள ஒரு வருஷமாவது கூலி இல்லாமல் ஒருவரிடம் போய் இருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தை அவருக்குக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. எனக்குக் கொடுக்க அவர் இருந்தார். பரம்பரை என்று நாம் தூக்கிப் பிடிக்கிற பலவற்றுக்கு அடியில் இப்படி ஒருவரின் ஆசை இருக்கிறது. குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே ஆள் எப்போதும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் நியாயம் இல்லை.

போன தையில் அண்ணன் மகன் ஒரு யோசனையோடு வந்தான். டிப்ளமோ முடித்து உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். வேலையை விட்டுவிட்டு, வீட்டுத் தறியோடு இன்னொரு தறி போட்டு, கடைக்குக் கொடுக்காமல் வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நேராக விற்கப் போகிறான். "என்ன சொல்றீங்க சித்தப்பா?" என்றான். எதிர்ப்பக்கமிருந்து வந்த மாற்றம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அவனிடம் தைரியமாகச் செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். எத்தனை மாதம் விற்காமல் இருந்தாலும் தாக்குப்பிடிக்கலாம், அந்த மாதங்களுக்கு வீட்டுச் செலவை யார் பார்ப்பது, பட்டுக்கும் ஜரிகைக்கும் போடுகிற பணம் யாருடையது, எந்தத் தேதியில் நிறுத்திக்கொள்வது. எல்லோரும் உட்கார்ந்து எழுதலாம் என்றேன். அவன் மனைவியும், அண்ணியும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். அவன் செலவு, லாபம் எல்லாம் அழகாகச் சொன்னான். அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டு, "கரை நாடா யாரு போடப் போறா?" என்றார். அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். "நான் வேலைய விடறதா இல்ல மாமா. மொத ஒரு வருஷம் வீட்டுச் செலவு என் சம்பளத்துல நான் பார்த்துக்கறேன். தறியில உக்கார என்னால முடியாது" என்று நிதானமாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் தன்னால் எது முடியும், எது முடியாது என்று தொழில் தொடங்குவதற்கு முன்பே சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணன் தலையாட்டினார். தெருவில் வேலை இல்லாமல் இருக்கிற ஒரு அம்மாவைக் கரைக்குக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. "அப்போ அவங்களுக்கு ஒரு புடவைக்கு எவ்வளவு கொடுப்பே?" என்று அண்ணி கேட்டார். கூடவே, "தார் சுத்தறதுக்கும் சேத்துச் சொல்லு, அது நான்தான்" என்றார். நோட்டில் நாங்கள் முதலில் எழுதியது அந்த இரண்டு தொகையும்தான்.